சுட்டெண்ணும் பெயரும்: பரீட்சைக்கு அப்பாலான சாதனையை எழுவைதீவில் எப்படி அங்கீகரிப்பது?

1. கேள்வி

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் ஒவ்வொரு மாணவருக்கும் பரீட்சைத் திணைக்களம் ஒரு சுட்டெண் வழங்குகிறது. விடைத்தாளில் பெயர் எழுதக் கூடாது. பாடசாலையின் பெயரும் கூடாது. கையிலிருக்கும் தாள் கொழும்பின் பெரிய கல்லூரியிலிருந்து வந்ததா, படகில் ஏறி இறங்கி வந்ததா என்பது திருத்துபவருக்குத் தெரியாது. பரீட்சையின் நேர்மை இந்த அறியாமையில் தங்கியிருக்கிறது. அதன் குறையும் இதிலேதான் இருக்கிறது: எழுதியவர் யார் என்று தெரியாமலிருப்பதற்காகவே கட்டப்பட்ட ஒரு முறையால், அவர் எப்படி வளர்ந்தார் என்று சொல்ல இயலாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கிடக்கும் தீவுகளில் எழுவைதீவு மிகச் சிறியவற்றுள் ஒன்று. பரப்பளவு சுமார் 1.4 சதுர கிலோமீற்றர். ஊர்காவற்றுறையிலிருந்து படகில்தான் போக வேண்டும். கடலும் பனையும் அங்கே பிழைப்புக்கு ஆதாரம். கல்வி நிருவாகத்தில் அது யாழ் மாவட்டத்தின் ஐந்து வலயங்களுள் ஒன்றான தீவக வலயத்தைச் சேர்ந்தது. முருகவேள் வித்தியாலயம் போன்ற சிறு பாடசாலைகளே அங்கு உள்ளன. உயர்தரம் படிக்க விரும்பும் பிள்ளை கடல் தாண்டியாக வேண்டும். 1990களின் போரும் இடப்பெயர்வும் தீவகத்தின் பெரும்பகுதியை ஆளில்லாமல் ஆக்கின. திரும்பி வந்தவர்கள் குறைவு, வகுப்பறைகளும் அதற்கேற்பச் சுருங்கின.

இடைநிலை வகுப்பு மாணவரின் ஆளுமை வளர்ச்சியையும் பரீட்சைக்கு வெளியேயான சாதனைகளையும் பாடசாலை எவ்வாறு அங்கீகரிக்கலாம் என்ற பொதுக் கேள்வியை இக்கட்டுரை இந்த இடத்திலிருந்து ஆராய்கிறது. நல்ல நோக்கத்தோடு கொண்டுவரப்படும் ஓர் அங்கீகார முறை எழுவைதீவுப் பிள்ளைக்குக் கைகொடுக்குமா, அல்லது பரீட்சைக்கு மேலாக இன்னொரு தடையாகுமா என்பதே அதற்குள் இருக்கும் குறிப்பான வினா.

2. பரீட்சை மீதான நம்பிக்கை

பரீட்சையைப் பழிப்பது எளிது. யாழ்ப்பாணச் சமூகம் அதன்மீது ஏன் இவ்வளவு நம்பிக்கை வைத்தது என்று விளங்கிக்கொள்ளாமல் பழிப்பதில் பயனில்லை.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை தந்தது; 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. தீவகத்தில் வேலணை மத்திய கல்லூரி அவ்வாறு அமைந்தது. கெட்டிக்காரப் பிள்ளையைத் தேர்ந்து உதவிப்பணம் கொடுத்துப் படிக்கவைக்கும் புலமைப்பரிசில் முறையும் அந்தக் காலத்தில் வேர்விட்டது. குடும்பம், சாதி, பணம், மிஷன் பாடசாலையோடு இருந்த தொடர்பு ஆகியவை வாசலைத் திறந்த காலம் போய், ஒரு வினாத்தாள் வாசலைத் திறக்கும் காலம் வந்தது. ஏழை வீட்டுக்கு அது பெரிய விடுதலை.

1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் அந்த நம்பிக்கையை வேறொரு விதத்தில் கெட்டிப்படுத்தியது. ஒரே பீடத்துக்குள் நுழையத் தமிழ்மொழி மூல மாணவருக்குக் கூடுதல் புள்ளி வேண்டுமென்று ஆனபோது, பெற்ற புள்ளி பெற்றபடியே எண்ணப்படுவதுதான் நீதி என்ற எண்ணம் தமிழர் மனத்தில் ஆழப் பதிந்தது. புள்ளிக்கு வெளியே எதைச் சேர்த்தாலும் அதற்குள் பாரபட்சம் நுழையும் என்ற ஐயம் அந்த அனுபவத்தின் மிச்சம். ‘ஆளுமைக்கும் புள்ளி’ என்று யாராவது சொன்னவுடன் ஒரு யாழ்ப்பாணத் தந்தை முகம் சுளிப்பாரானால், அவரைப் பழைமைவாதி என்று ஒதுக்கிவிட முடியாது. அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

இன்றைய பல்கலைக்கழக அனுமதி, பாடங்களுக்கிடையிலான புள்ளி வேறுபாட்டைச் சமப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளியின்படி நடக்கிறது. 2001 முதல் இம்முறை வழக்கில் உள்ளது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. இதில் பேசப்படாத ஒரு நுணுக்கம் உண்டு. மாவட்டம் என்ற அலகுக்குள் யாழ் நகரத்தின் பெரிய கல்லூரிகளும் எழுவைதீவுக்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆய்வுகூடமும் மாலைநேர ரியூஷனும் உள்ள பிள்ளையும், படகு நேரம் பார்த்து வாழும் பிள்ளையும் அந்தப் பட்டியலில் ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகிறார்கள். மாவட்டங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வைக் கணக்கிலெடுக்கும் முறை, மாவட்டத்துக்குள் இருக்கும் கடலைக் கணக்கிலெடுக்கவில்லை.

பிரித்தானியச் சமூகவியலாளர் ரொனால்ட் டோர் 1976இல் வெளியிட்ட நூலில் ‘சான்றிதழ் நோய்’ என்றொரு கருத்தை முன்வைத்தார். இங்கிலாந்து, ஜப்பான், கென்யா ஆகியவற்றோடு இலங்கையும் அந்நூலின் ஆய்வுக்களம். ஒரு நாடு எவ்வளவு தாமதமாக நவீன வளர்ச்சிப் பாதையில் இறங்குகிறதோ, அவ்வளவு கூடுதலாக அங்கே உத்தியோகம் சான்றிதழோடு பிணைக்கப்படுகிறது. பாடசாலையும் அவ்வளவு கூடுதலாகப் பரீட்சைக்காகவே இயங்குகிறது என்பது அவருடைய வாதம். வேலைகள் சில, விண்ணப்பதாரர் பலர். ஆகவே கேட்கப்படும் தகைமை ஏறிக்கொண்டே போகிறது. கற்றல் சுருங்கிக்கொண்டே போகிறது. சாதாரண தரப் பெறுபேறு வந்த மறுநாள் ‘9 ஏ’ எடுத்தவர்களின் படங்கள் பத்திரிகைகளை நிறைப்பதைப் பார்க்கும் எவருக்கும் டோரை வாசிக்காமலே இது விளங்கும்.

இரண்டு உண்மைகளும் சேர்ந்தே நிற்கின்றன. பரீட்சை ஏழைப்பிள்ளைக்குக் காவல். அதே பரீட்சை கல்வியைக் குறுக்குகிறது. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதப்படும் சீர்திருத்த அறிக்கைகள் நடைமுறையில் தோற்றிருக்கின்றன.

3. இலங்கையின் சொந்த முயற்சிகள்

பரீட்சைக்கு அப்பால் போகும் முயற்சி இலங்கைக்குப் புதிதல்ல. அவற்றுள் துணிச்சலானது 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம். 1971இன் இளைஞர் கிளர்ச்சி, படித்தும் வேலையற்றிருந்தோரின் கோபத்தை அரசின் வாசலுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, கல்வி வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் இடையிலான பிளவைச் சுட்டிக்காட்டியது. சாதாரண தரத்துக்குப் பதிலாகப் புதிய தேசியச் சான்றிதழ் ஒன்று வந்தது. 1975இல் அதற்கான முதற் பரீட்சை நடந்தது. தொழில்முன்னிலைப் பாடங்கள் இடைநிலை வகுப்புகளில் கட்டாயமாக்கப்பட்டன. அந்தந்த ஊரின் தொழில்களையே பாடமாக்கலாம்: மீன்பிடி ஊரில் மீன்பிடி, பனையுள்ள ஊரில் பனை.

கடதாசியில் பார்த்தால், இதைவிட எழுவைதீவுக்குப் பொருந்திய கலைத்திட்டம் இருக்க முடியாது. ஆனால் 1977இன் ஆட்சிமாற்றத்தோடு அது கைவிடப்பட்டது. அரசியல் ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் பெற்றோரின் மனம். கடலில் உழைத்துக் களைத்தவர் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது கடலிலிருந்து கரையேற்றத்தான். அங்கேயும் வலையையே கொடுத்தால், அரசு தன் பிள்ளையை இரண்டாந்தரமாக நினைக்கிறது என்றுதான் அவர் கருதுவார். தொழிலும் சாதியும் பின்னிக் கிடக்கும் ஊரில் அந்தக் கருத்துக்கு ஆதாரமும் இருந்தது.

அடுத்த பெரிய முயற்சி 1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களோடு பரவலான பாடசாலை மட்டக் கணிப்பீடு. தேசிய கல்வி ஆணைக்குழு தேசிய இலக்குகளையும் அடிப்படைத் தேர்ச்சிகளையும் வகுத்தது; தொடர்பாடல், ஆளுமை, சூழல், வேலையுலகம், விழுமியம், ஓய்வும் விளையாட்டும், கற்றலுக்குக் கற்றல் என்பன அவற்றுள் அடங்கும். இவற்றை மூன்று மணி நேரத் தாளில் சோதிக்க முடியாது. ஆகவே ஆசிரியரே வகுப்பறையில் கணிப்பிடட்டும் என்பது ஏற்பாடு. நோக்கத்தில் பிழையில்லை. நடைமுறையில் அது பெரும்பாலும் ஒரு பதிவேடாகக் குறுகியது. தவணை முடிவில் கட்டங்களை நிரப்ப வேண்டும். எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே புள்ளி. குறைத்துப் போட்டால் பெற்றோர் வருவர், கூட்டிப் போட்டால் எவரும் வரமாட்டார். தேர்வுக்கு உதவாத புள்ளியை எவரும் மதிக்கவில்லை. தேர்வுக்கு உதவும் புள்ளியாக்கினால் எவரும் நம்பமாட்டார்கள். இந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

மூன்றாவதாக, எவரும் சீர்திருத்தம் என்று அழைக்காத ஒரு பழைய கடதாசி உண்டு: பாடசாலை விடுகைப் பத்திரம். பிள்ளை சேர்ந்த திகதி, விலகிய திகதி, கடைசியாகச் சித்தியடைந்த வகுப்பு ஆகியவற்றோடு நடத்தை பற்றியும் புறச்செயற்பாடுகள் பற்றியும் அதிபர் எழுதுவதற்கு இடமிருக்கும். பதினொரு வருடம் ஒரு பிள்ளையைப் பார்த்த பாடசாலை, அந்த இடத்தில் பெரும்பாலும் ‘நன்று’ என்றோ ‘திருப்தி’ என்றோ எழுதி முத்திரை குத்துகிறது. பரீட்சைக்கு வெளியே உள்ள மனிதரைப் பற்றிச் சொல்ல அரசு கொடுத்திருக்கும் இடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் எழுதத்தான் ஆளில்லை.

4. வெளியுலகின் மூன்று அனுபவங்கள்

இங்கிலாந்தில் 1960களின் இறுதியில் சுவின்டன் நகரத்தில் டொன் ஸ்டான்ஸ்பெரி என்பவர் ஒரு சிறு முயற்சியைத் தொடங்கினார். பரீட்சையில் தேறாமல் பாடசாலையை விட்டுப் போகும் பிள்ளைகள் தாங்கள் செய்தவற்றைத் தாங்களே அட்டைகளில் எழுதி, பார்த்த ஒருவரிடம் கையொப்பம் பெற்றுக் கோப்பில் சேர்த்தார்கள். புள்ளியோ தரமோ இல்லை. 1984இல் பிரித்தானிய அரசு ‘சாதனைப் பதிவு’ என்ற பெயரில் இக்கருத்தைக் கொள்கையாக ஏற்றது. 1991இல் தேசியச் சாதனைப் பதிவு என்ற கோப்பு நாடெங்கும் வந்தது. எல்லாருக்கும் ஒரே வடிவமான கோப்பு கிடைத்தபோது அது எவருடையதும் அல்லாமல் போயிற்று. பின்னர் வேறொரு திட்டத்துக்கு வழிவிட்டது. அந்தக் காலத்திலேயே அன்டி ஹார்கிரீவ்ஸ் என்ற கல்வியியலாளர் ஒரு முரணைக் காட்டியிருந்தார். பிள்ளையை ஊக்குவிப்பதற்கான பதிவில் பிள்ளை மனந்திறந்து எழுத வேண்டும். தொழில் கொடுப்பவர் தெரிவு செய்வதற்கான பதிவில் பிள்ளை தன்னை விற்க வேண்டும். ஒரே கடதாசி இரண்டு வேலையையும் செய்யாது. அதோடு, பிள்ளையின் குணத்தையெல்லாம் எழுதிவைப்பது கண்காணிப்பாகவும் மாறலாம் என்ற எச்சரிக்கையும் அவருடைய வாதத்தில் இருந்தது.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 2014 முதல் அங்குள்ள இடைநிலைப் பாடசாலைகளில் தலைமைத்துவம், சாதனை, பங்கேற்பு, சேவை ஆகிய நான்கு பரப்புகளில் இணைப்பாடச் செயற்பாடுகள் கணிக்கப்படுகின்றன. உயர்ந்த நிலையை எட்டும் மாணவருக்கு அடுத்த கட்டக் கல்லூரி அனுமதியில் இரண்டு போனஸ் புள்ளிகள் வரை கிடைக்கும். விதிகள் தெளிவு, எவருக்கும் எப்படிப் பெறுவதென்று தெரியும். ஆனால் அது இயங்குவதற்கு ஒவ்வொரு பாடசாலையிலும் அணிகளும் சங்கங்களும் பயிற்றுநரும் இருக்க வேண்டும். நகரமே நாடாக உள்ள இடத்தில் அது முடியும்.

இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. வாழ்க்கைத் திறன், மனப்பாங்கு, விழுமியம் ஆகியவற்றுக்கும் ஆசிரியர் தரமிட வேண்டும். பொருத்தமான வாசகம் எழுத வேண்டும். பெரிய வகுப்புகளில் அந்த வாசகங்கள் முன்கூட்டியே அச்சானவற்றிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டன. 2017இல் முறை கைவிடப்பட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மீண்டும் கட்டாயமானது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் தெரிகிறது. பதிவு பிள்ளையின் கையில் இருந்தபோது உயிரோடு இருந்தது. நிருவாகத்தின் படிவமானபோதும் அனுமதிப் புள்ளியானபோதும் ஒன்றில் வெறும் சடங்காயிற்று, அல்லது வசதியுள்ள பாடசாலைகளுக்கே பொருந்தியது. 2025இல் இலங்கையில் அறிவிக்கப்பட்ட புதிய சீர்திருத்தமும் பரீட்சைச் சுமையைக் குறைப்பதைப் பற்றிப் பேசுகிறது. அதை நடத்துவோர் இந்தப் பாடத்தைக் கருத்திற்கொள்வது நல்லது.

5. தீவிலிருந்து பார்க்கும்போது

இப்போதுள்ள நிலையில் பரீட்சைக்கு அப்பாலான சாதனை என்று எது எண்ணப்படுகிறது? விளையாட்டு, தமிழ்மொழித் தினப் போட்டி, சாரணர் இயக்கம், மாணவர் தலைவர் பதவி. இவற்றில் வென்றதற்கான சான்றிதழ்கள் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாகப் போகும். பல்கலைக்கழக விசேட அனுமதியும் தேசிய, சர்வதேச மட்டச் சாதனைகளையே நோக்குகிறது.

ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உதைபந்தாட்டத்துக்குப் 11 பேர் வேண்டும், வலைப்பந்தாட்டத்துக்கு 7 பேர், கரப்பந்தாட்டத்துக்கு 6 பேர். அதுவும் ஒரே வயதுப் பிரிவில், ஒரே பாலில். வகுப்பில் ஒரு கை விரலுக்கடங்கும் பிள்ளைகள் உள்ள பாடசாலை அணி சேர்க்க முடியாது. எனவே அந்தப் பிள்ளைகளுக்குக் குழு விளையாட்டுச் சான்றிதழ் என்ற ஒன்றே இல்லை. தனி நிகழ்ச்சிகள் மிஞ்சுகின்றன. வலய மட்டத்தில் ஓடவோ பேசவோ ஒரு பிள்ளை விடியற்காலையில் படகேறி, பிறகு பஸ் ஏறிப் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் அன்றைய நாள் போயிற்று. போட்டி மேசையில் அவருக்கு நேரே ‘சமுகமளிக்கவில்லை’ என்று எழுதப்படும். அந்தச் சொல்லில் காற்று பற்றி ஒன்றும் இராது.

ஆகவே ‘பரீட்சைக்கு அப்பால்’ என்று இன்று புழங்கும் சாதனைப் பட்டியல், பரீட்சையைவிடவும் மேடையை நம்பியிருக்கிறது. வினாத்தாள் எழுவைதீவுக்கும் வந்து சேர்கிறது; மேடை வருவதில்லை. இந்தப் பட்டியலுக்குப் புள்ளி கொடுத்து அனுமதியோடு இணைத்தால் முதலில் பாதிக்கப்படுபவர் சிறு பாடசாலைப் பிள்ளைதான். புறச்செயற்பாட்டுக்குப் புள்ளி கொடுப்பது முற்போக்கானது என்ற பொது நம்பிக்கையை இந்த ஒரு காரணத்துக்காகவே மறுபரிசீலனை செய்ய வேண்டும். குடும்பத்தின் பண்பாட்டு மூலதனம் பாடசாலையில் ‘இயல்பான திறமை’ என்ற வேடத்தில் வெகுமதி பெறுகிறது என்று பியர் பூர்தியு சொன்னது இங்கே நேரடியாகப் பொருந்தும். வயலின் வகுப்பு சாதனையாகிறது. தண்ணீர் எடுத்துவந்து தம்பியைக் குளிப்பாட்டிப் பாடசாலைக்குக் கூட்டிவருவது ‘வீட்டு வேலை’யாகவே நிற்கிறது.

மேடை இல்லாத இடத்தில் வளர்ச்சியும் இல்லை என்று கொள்வது பிழை. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றைத் திசையோடும் பருவத்தோடும் பிரித்தறிவது தீவில் பிழைப்புக்கு வேண்டிய அறிவு. ஓலையைச் சார்ந்து, வார்ந்து, கடகம் பின்னுவதில் அளவும் வடிவமும் பற்றிய கணக்கு இருக்கிறது. எழுவைதீவில் காற்றாலையும் சூரிய மின்தகடுகளும் டீசல் மின்பிறப்பாக்கியும் இணைந்த மின்நிலையம் ஒன்று இயங்குகிறது. விஞ்ஞானப் பாடநூல் புதுப்பிக்கத்தக்க சக்தி என்று படம் போட்டுக் காட்டுவதை அங்குள்ள பிள்ளை வீட்டு வாசலில் நின்று பார்க்கிறது. அதைப் பார்த்து அந்தப் பிள்ளை ஏதாவது எழுதி வைத்தால் அதை வாங்கி வாசிப்பதற்கு எந்தப் படிவமும் இல்லை.

6. குலக்கல்வி என்ற நியாயமான அச்சம்

வலையையும் ஓலையையும் சாதனையென்று சொல்லத் தொடங்கியவுடன் ஒரு தமிழ் வாசகருக்கு 1953 நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளைகளை அரைநாள் பாடசாலைக்கும் மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலுக்கும் அனுப்ப முனைந்தது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்ற பெயரில் அது எதிர்ப்பைச் சந்தித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. இலங்கையின் தொழில்முன்னிலைப் பாடங்கள் வேறு நோக்கத்தில் வந்தவை என்றாலும், தமிழ்ப் பெற்றோரின் காதில் அவையும் அதே சுருதியில்தான் ஒலித்தன.

இந்த அச்சத்தைத் தீர்ப்பதற்கு ஒரு வேறுபாட்டைக் கறாராகப் பேண வேண்டும். விதிப்பது ஒன்று, சாட்சி சொல்வது மற்றொன்று. குலக்கல்வி ‘நீ இதைச் செய்’ என்று விதித்தது. அங்கீகாரப் பதிவு ‘நீ செய்ததாகச் சொல்வதை நான் பார்த்தேன்’ என்று சாட்சி சொல்ல வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. எதை எழுதுவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். கடற்றொழிலாளியின் மகள் சதுரங்கத்தைப் பற்றி எழுதலாம். ஆசிரியரின் மகன் நண்டுவலையைப் பற்றி எழுதலாம். ஊர்த்தொழிலைக் கட்டாயப் பகுதியாக்கும் எந்தப் படிவத்தையும் நிராகரிக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16ஆக உயர்த்தப்பட்டது. பாடசாலையைத் தவறவிட்டுக் கடலுக்குப் போகும் சிறுவனின் உழைப்பைச் ‘சாதனை’ என்று புகழ்ந்தால் நாம் சிறுவர் உழைப்புக்கு மாலை போட்டவர்களாவோம். வரவைக் குறைக்கும் எந்த வேலையும் பதிவுக்குள் வரக் கூடாது. பெண்பிள்ளையின் வீட்டுச் சுமையைப் புகழ்ந்து அதை நிரந்தரமாக்கவும் கூடாது. அவர் எழுதினால் வாசிக்க வேண்டும். சில வேளை அந்த வாசிப்பு பாராட்டில் முடியாமல் வீட்டுக்குப் போய்ப் பேசுவதில் முடிய வேண்டியிருக்கும்.

7. எத்தகைய பதிவு?

முன்மாதிரி ஒன்று நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. தேசிய தொழிற்றகைமை முறையில் முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாடு உண்டு. பாடநெறி எதுவும் படிக்காத மேசனோ தச்சரோ தன் வேலையின் சான்றுகளைத் திரட்டிக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் செய்துகாட்டித் தகைமை பெறலாம். எங்கே கற்றாய் என்ற கேள்வி அங்கே இரண்டாம் பட்சம்; என்ன செய்யத் தெரியும் என்பதே முதற் கேள்வி. வளர்ந்தவருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது? பிள்ளைக்குத் தகைமை மட்டம் தேவையில்லை. சான்றும் சாட்சியும் என்ற அந்த முறை போதும்.

பதிவு எப்படி இருக்கும் என்று காட்ட, ஒரு பக்கத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். தரம் பத்தில் படிக்கும் ஒரு மாணவி எழுதியதாக வைத்துக்கொள்வோம்:

“மாசி முதல் ஆனி வரை பாடசாலை நாட்களில் காலை 7 மணிக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எழுதினேன். காற்றாலையின் முகம் திரும்பிய பக்கத்தையும் எழுதினேன். படகு ஓடாத நாட்களைச் சிவப்புப் பேனையால் குறித்தேன். சித்திரையில் இரண்டு கிழமை எழுத மறந்துபோனேன். சோளகம் எழும்பிவிட்டது என்று நான் குறித்த நாளுக்கு மூன்று நாள் முந்தியே அப்பப்பா சொல்லிவிட்டார். எப்படி என்று கேட்டேன். கடலின் நிறத்தைப் பார் என்றார். அதை எப்படி எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.”

கீழே இரண்டு சாட்சிக் குறிப்புகள். விஞ்ஞான ஆசிரியர்: “கொப்பியை மூன்று முறை பார்த்தேன். எழுதாத நாட்களை இட்டுக்கட்டி நிரப்பவில்லை.” படகோட்டி: “சிவப்பால் போட்ட நாட்கள் சரி.”

இந்தப் பக்கத்தில் புள்ளி இல்லை. ஆனால் விடாமுயற்சி, நேர்மை, அவதானம், கேள்வி கேட்கும் துணிவு ஆகிய நான்கையும் எந்த வாசகரும் கண்டுகொள்வார். ‘ஆளுமை: மிக நன்று’ என்ற வாசகத்தால் இது முடியாது. எழுத மறந்த இரண்டு கிழமையை ஒப்புக்கொண்டதில்தான் அதிக மதிப்பு இருக்கிறது; புள்ளி கொடுத்திருந்தால் அந்த வரி எழுதப்பட்டே இராது.

இதிலிருந்து சில விதிகள் பெறப்படும். பதிவைப் பிள்ளையே எழுத வேண்டும். ஆண்டுக்கு மூன்று, நான்கு பக்கம் போதும். ஒவ்வொன்றுக்கும் நேரிற் கண்ட இருவரின் சாட்சி வேண்டும்; அவர்களுள் ஒருவர் வீட்டாரல்லாதவராக இருக்க வேண்டும். அவர்கள் ஆசிரியர்களாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை. குணத்தைப் பற்றிய தீர்ப்பு கூடாது. செயலைப் பற்றிய கூற்று மட்டும் இருக்கட்டும். கொப்பி பிள்ளையின் சொத்து. எதை யாருக்குக் காட்டுவதென்பது பிள்ளையின் உரிமை. விடுகைப் பத்திரத்தின் புறச்செயற்பாட்டு இடத்தை நிரப்பும்போது அதிபர் இந்தக் கொப்பியைப் பார்த்து, பிள்ளையின் சம்மதத்தோடு, இரண்டு வரி எழுத வேண்டும். பரீட்சைப் பெறுபேற்றோடோ பல்கலைக்கழக அனுமதியோடோ இதை இணைக்கக் கூடாது.

கடைசி விதிக்கு மறுப்பு எழும். அனுமதிக்கு உதவாததை யார் மதிப்பார்? சாதாரண தரத்துக்குப் பின் உயர்தரத்துக்குப் போகாமல் தொழிற்பயிற்சிக்கோ வேலைக்கோ போகும் பிள்ளையிடம் நேர்முகத்தில் காட்டுவதற்கு இன்று பெறுபேற்றுத்தாளைத் தவிர ஒன்றுமில்லை. ஆறு பாடம் சித்தியடையாதவருக்கு அந்தத் தாள் தோல்வியின் சான்றிதழ். அவர் கையில் சாட்சிகளோடு கூடிய ஒரு கொப்பி இருந்தால் உரையாடல் வேறிடத்திலிருந்து தொடங்கும். உயர்தரத்துக்காக நகர விடுதிக்குப் போகும் பிள்ளைக்கும் இது உதவும். ஆயிரம் பேருக்குள் அவர் யாரென்று புதிய வகுப்பாசிரியர் அறிய வேறு வழி இல்லை.

சிறு பாடசாலைக்கு இந்த வேலையில் ஒரு வசதியும் இருக்கிறது. இந்தியாவில் தொடர் மதிப்பீட்டு முறை தோற்றதற்கு ஒரு காரணம், ஆசிரியருக்கு நாற்பது, ஐம்பது பிள்ளைகளைப் பற்றி எழுத நேரமில்லாதது. தீவுப் பாடசாலையில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிவார், வீட்டையும் அறிவார். அணி சேர்க்க முடியாத அதே சிறு எண்ணிக்கை, நெருங்கிப் பார்த்து எழுதுவதற்கு உகந்தது. ஆனால் ஒரே ஊருக்குள் எல்லாரும் எல்லாருக்கும் உறவோ பகையோ ஆதலால் சாட்சி ஒருபக்கம் சாயலாம். இரண்டு சாட்சிகள், அவர்களுள் ஒருவர் வீட்டாரல்லாதவர் என்ற விதி அதை முழுதும் நீக்காது, குறைக்கும். தேர்வுப் புள்ளி இல்லை என்பதால் பொய் சொல்வதற்கான ஆசையும் குறையும்.

8. முடிவு

பரீட்சையின் சுட்டெண்ணைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெயரை மாட்டுவது எழுவைதீவுப் பிள்ளைக்குப் பாதுகாப்பல்ல; அவருடைய பெயருக்கும் ஊருக்கும் இன்னும் எல்லா இடத்திலும் ஒரே மதிப்பு இல்லை. தேர்வுக்குச் சுட்டெண் இருக்கட்டும். அங்கீகாரத்துக்குப் பெயர் வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் கலந்த முறைகள் இங்கும் வெளியிலும் தோற்றிருக்கின்றன, அல்லது வசதியுள்ள பாடசாலைகளுக்கே பொருந்தியிருக்கின்றன என்பதே இந்த ஆய்வின் முடிபு.

இதற்குச் சட்டமோ சுற்றறிக்கையோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தீவக வலயம் தன் சிறு பாடசாலைகள் சிலவற்றில் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். பிள்ளைக்கு ஒரு கொப்பி, ஆசிரியருக்குத் தவணைக்கு இரண்டு மணி நேரம், இவ்வளவே செலவு. தீவகத்திலிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்களின் ஊர்ச் சங்கங்கள் பரிசளிப்பு விழாக்களுக்குப் பணம் அனுப்புகின்றன. பரிசுகளில் பெரும்பங்கு பெறுபேறுகளுக்கே போகிறது. அடுத்த முறை பணம் அனுப்புவோர், கூடவே ஒரு கேள்வியையும் அனுப்பலாம்: சித்தியடையாமல் விலகிய பிள்ளையின் விடுகைப் பத்திரத்தில் அதிபர் என்ன எழுதினார்?